உருளைக்கிழங்கும் வரும் வழி

கியால்சன் நேகி வாயைத் திறந்தால் மலை இரண்டடி வளரும் என்பது காஃப்னு கிராமத்துச் சொலவடை. முப்பது வருஷமாக அவர் திறந்த வாய் மூடாததால்தான் பாபா கணவாய் இன்றைக்கு மேகத்தில் தலையை இடித்துக்கொண்டு நிற்கிறது. இல்லாவிட்டால் அது ஆட்டுக்குட்டிகள் தாண்டி விளையாடும் வரப்பாக இருந்திருக்கும் என்பது அவருடைய மைத்துனர் தௌலத்ராமின் கட்சி.

அவர் வழிகாட்டி. வெளியூரிலிருந்து மலையேற வருகிறவர்களைக் கின்னோர்ப் பக்கத்துக் காஃப்னுவில் கூட்டிக்கொண்டு, புல்வெளியும் பனியும் தாண்டி, அந்தப் பக்கம் ஸ்பிதியில் இருக்கும் மூத் கிராமத்தில் கொண்டுபோய் விடுவார். கால்களுக்கு அதுதான் வேலை. வாய்க்கு வேலை தனி. கூடாரத்தைத் தின்றுவிட்டு மறுநாள் காலையில் வந்து வருத்தம் தெரிவித்த கரடி, காற்றில் பறந்துபோய் மூன்று பள்ளத்தாக்குக்கு அப்பால் வேறொருவர் அடுப்பில் சுடச்சுட இறங்கிய சப்பாத்தி, இப்படி அவரிடம் சரக்கு வற்றாது.

அந்த வாய்தான் போன வருஷம் அவரை மாட்டிவிட்டது.

பனி மூடுவதற்கு முந்திய கடைசிக் குழுவை மூத்தில் இறக்கிவிட்டு, வழக்கம்போல டோல்கரின் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். டோல்கர் தன் வீட்டு மாடியை மலையேறுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். ஐம்பது தாண்டியவள். கணவன் தாக்பாவைப் பல வருஷத்துக்கு முன் அதே கணவாய் எடுத்துக்கொண்டுவிட்டது. கியால்சனின் மனைவி காய்ச்சலில் போய் ஒன்பது வருஷம். இரண்டு பேரும் வருஷத்துக்கு நாலைந்து முறை அந்த அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் குடித்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு ஆட்டை எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டது. சம்பந்தப்பட்ட இருவர்தான் வாயைத் திறக்கவில்லை. கியால்சன் ஒரு விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தார் என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று திறந்துவிட்டார்.

"டோல்கர்ஜி, நீங்க மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. கண்ணக் கட்டிக்கிட்டு, ஒத்தக் கால்ல, முதுகுல ஒரு கோவேறு கழுதையச் சுமந்துக்கிட்டு அந்தக் கணவாயத் தாண்டி வருவேன்."

டோல்கர் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் பயமே கிடையாது" என்றாள்.

இதை அவள் அடிக்கடி சொல்வாள். எப்போதும் இப்படித்தான், கை வேலையைப் பார்த்தபடி. அதைக் கேட்கும்போதெல்லாம் கியால்சன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். செத்துப்போன ஒருவனோடு போட்டி போடுவது கஷ்டமான காரியம். அவனுக்கு முழங்கால் வலி வராது, முடி கொட்டாது. அந்தத் தாக்பாவைவிட ஒரு பிடி கூடுதலாகத் தைரியம் காட்டத்தான் பாதிக் கதைகளே அவர் வாயில் பிறந்தன.

"சரி, வாங்க" என்றாள் டோல்கர். "அடுத்த வருஷம் பனி இளகினதும் முதல் ஆளாத் தாண்டி வாங்க. அப்பப் பேசுவோம். கழுதைய விட்டுடுங்க, பாவம்."

"நெஜமாவா?"

"ரோட்டு வழியா மட்டும் வராதீங்க. ரோட்டு வழியா எவன் வேணும்னாலும் வருவான். காஸாவுல இருந்து உருளைக்கிழங்குகூட வரும்."

குளிர்காலம் முழுக்க அந்தச் சொற்களைப் போர்த்திக்கொண்டுதான் கியால்சன் தூங்கினார். ஆனால் வசந்தத்தில் மூத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பாதி காற்று, பாதி டோல்கர். "ராம்பூர்ல இருக்கிற மக கூட்டிட்டுப் போக வர்றா. இனிமே அங்கயே இருன்னு சொல்றா. பட்டாணி பூக்கிறப்ப வரேன்னு ஒத்துக்கிட்டேன். அதுக்குள்ள வர்றவங்க வரலாம்."

பட்டாணி பூப்பதற்கு முன்னால் கிளம்பக்கூடிய குழு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வங்காளத்துக் குழு.

பர்த்வானிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பிரதுல் பாபு, அவர் மனைவி மஞ்சரி, மஞ்சரியின் தம்பி தபன். மூன்று பேரும் கழுத்து, காது, கன்னம் எல்லாவற்றையும் மூடிய குரங்குத் தொப்பியில் இருந்தார்கள். யார் யார் என்று முதல் நாள் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிரதுல் பாபு இதயத்துக்கு ஒரு சிகிச்சை முடித்து எழுந்தவர். ஒரு தடவையாவது பெரிய கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும் என்று மருத்துவரோடு சண்டை போட்டு வந்திருந்தார். தபன் கணக்கு வாத்தியார். இரண்டாம் நாளே கியால்சனுக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்து அக்கா கணவரிடம் சொல்லிவிட்டான்.

"ஜாமாய்பாபு, நேகிஜி எது சொன்னாலும் பத்தால வகுத்துடுங்க. நூறு அடிப் பள்ளம்னா பத்தடி. ஓநாய் பத்துன்னா ஒண்ணு."

"ஒரே ஓநாய்னு சொன்னா?" என்று கேட்டாள் மஞ்சரி.

"அப்ப அது நாய்க்குட்டி, தீதி."

கியால்சன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அது பாராட்டு. முளிங் பைன் காட்டில், காரா புல்வெளியின் நூறு ஓடைகளில், ஒவ்வொன்றிலும் கதையில் ஒரு பிரயாணியையாவது மூழ்கடித்து, கடைசியில் ஒரு மீனை விட்டுக் காப்பாற்றினார். சமையற்காரர் பீமா மட்டும் கரண்டியைத் தூக்கி, "அந்த மீன் போன வாரம் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே" என்பார். அந்த மனிதருக்கு ஞாபகசக்தி அதிகம். நல்ல சமையற்காரருக்கு அது ஒரு குறை.

காராவில் பனி பிடித்துக்கொண்டது. மழைக்கு வந்த மேகம் மனசு மாறிப் பனியாய்க் கொட்டியது, ஒரு நாளும் மறு நாளும். மலைக்கு மேல் யாரோ சீமைப் பஞ்சு மூட்டைகளை அவிழ்த்துக் கவிழ்த்த மாதிரி. பிறகு திடீரென்று வெயில் அடித்தது. எல்லாரும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு பூஸ்திரங்குக்கு ஏறினார்கள். கணவாய்க்குக் கீழே கடைசித் தங்கல் அது. அங்கே தௌலத்ராம் தன் மந்தையோடு ஏற்கெனவே வந்து காத்திருந்தார். ஐநூறு ஆடுகளும், ஐநூறு ஆட்டின் வாசனையும், கதவு மாதிரி ஒரு கறுப்பு நாயும்.

"வா மாமா! மாப்பிள்ளை!" என்று கத்தினார் தூரத்திலிருந்தே. "மீசைக்கு எண்ணெய் போட்டியா? நாளன்னிக்கு அந்தம்மாவுக்கு முன்னாடி இப்படியா போய் நிப்ப, அவிஞ்ச உருளக்கெழங்கு மாதிரி?"

"மெதுவாக் கத்துடா. ஸ்பிதிக்கே கேக்கும்."

"கேக்கட்டும். அக்கா இருந்தாலும் இதத்தான் சொல்லும். ஒன்பது வருஷமா நீ பேசற பேச்ச நாங்க கேக்கறோம். இனிமே வேற யாராவது கேக்கட்டும்."

கியால்சன் சிரித்தபடி கணவாயை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கடைசிச் சரிவு, அந்தப் பெரிய வெள்ளைச் சுவர், வெயிலில் பளபளவென்றிருந்தது. அதன் மேல் யாரும் தொடாமல், காற்றும் அடிக்காமல், தானாகவே சிறுசிறு பனி உருண்டைகள் புறப்பட்டு உருண்டு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பின்னால் ஒரு கோடு விட்டது. வெள்ளைத் தாளில் பிள்ளைகள் கோணல்மாணலாகக் கீறின மாதிரி. அழகாகத்தான் இருந்தது. மஞ்சரி படம் எடுத்தாள்.

பழைய பனி கீழே கண்ணாடியாக உறைந்து கிடக்கிறது. அதன் மேல் இரண்டு நாள் புதுப்பனி. அதன் மேல் இந்த வெயில். ஆள் ஏறினால் மேல்பனி மொத்தமாக நழுவலாம். மூன்று ராத்திரி நன்றாக உறைந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காற்று தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசிக்கொண்டிருந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்திருக்க வழியும் இல்லை. கோவேறு கழுதைகளுக்குத் தீனி பனிக்கடியில், அரிசி அடிச்சாக்கில், வங்காளத்துக்காரர்களுக்குக் கால்காவில் ரயில். போனால் நாளை விடியலில் போக வேண்டும். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். திரும்பினால், பட்டாணி பூத்துவிடும்.

ஒட்டிக்கொண்டும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. எத்தனையோ தடவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைவிட மோசமான சரிவில் பாடிக்கொண்டே போயிருக்கிறார். விடியலில், வெயில் படுவதற்குள், ஒருவர் பின் ஒருவராக... டோல்கர் வாசலில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். மேலேயிருந்து யார் வருகிறதென்று.

இந்த எண்ணத்தோடுதான் அவர் ஆட்டுக்கடாவைக் கொண்டுவரச் சொன்னார்.

பூஸ்திரங்கில் தெய்வத்தைக் கேட்காமல் மேலே அடி வைப்பதில்லை. மந்தையின் மூத்த கடாவைக் கொடிகள் கட்டிய கற்குவியலுக்கு முன்னால் நிறுத்தி, ஓடைத் தண்ணீரை அதன் மேல் விடுவார்கள். கடா உடம்பை உதறிச் சிலிர்த்தால் தெய்வம் போகச் சொல்கிறது. சிலிர்க்காவிட்டால் திரும்பிப் போ. கியால்சன் இதில் ஒரு சிறிய திருத்தம் செய்திருந்தார். கடாவின் காதுக்குள் இரண்டு சொட்டு விட்டால் அது சிலிர்க்காமல் இருக்காது. முதுகில் கம்பளி தடித்த இடத்தில் ஒரு குடமே கொட்டினாலும் அதற்குத் தெரியாது. ஆகவே வானத்தையும் சரிவையும் பார்த்து முதலில் அவர் முடிவு செய்வார். பிறகு தண்ணீர் போகவேண்டிய இடத்துக்குப் போகும். தெய்வத்தை ஏமாற்றினார் என்று சொல்லக் கூடாது. அதன் வேலைப்பளுவைக் குறைத்தார், அவ்வளவுதான். பணம் கட்டி வந்தவர்கள் வழிகாட்டியோடு வாதாடுவார்கள். ஆட்டுக்கடாவோடு வாதாட மாட்டார்கள்.

அன்று அவர் கை முதல்முறையாக எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

தௌலத்ராம் கடாவின் கொம்பைப் பிடித்து அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். மூன்று குரங்குத் தொப்பிகளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தன. கியால்சன் கெண்டியைச் சாய்த்தார். காது பக்கம் போன கை, காதருகில் கொஞ்சம் நின்றது. பிறகு முதுகுக்குப் போய்விட்டது. தண்ணீர் கம்பளியில் இறங்கி மறைந்தது.

கடா அசையவில்லை. கியால்சன் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது.

கணகணவென்று கடாவின் கழுத்து மணி ஒலித்தது. கண்ணைத் திறந்தால், கடா தலையிலிருந்து வால் வரை படபடவென்று சிலிர்த்து உதறிக்கொண்டிருந்தது. தபன் குதித்தான். பிரதுல் பாபு கைகூப்பினார். தௌலத்ராம் தன் உதட்டைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவரைக் கற்குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கியால்சன் கேட்டார்: "காதுல ஊதினியா?"

"பின்ன? உனக்குக் கை நடுங்கிடுச்சு மாமா. காதுல விழவேண்டியது முதுகுல விழுந்துடுச்சு. நான் மட்டும் கவனிக்கலன்னா உன் கல்யாணமே போயிருக்கும்."

"கை நடுங்கலடா."

தௌலத்ராம் சிரித்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரிவைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி ரெண்டுக்குக் காலு சரியில்லன்னு அதுங்களையே பாத்துட்டிருந்தேன்" என்றார் மெல்ல. "மேல பாக்கல."

கூடாரத்துக்கு முன்னால் பீமா வெற்றிக் கிச்சடி கிண்டிக்கொண்டிருந்தார். கியால்சன் போய் நின்றார்.

"நாளைக்குப் போகவேண்டாம். திரும்பிடலாம்."

"ஏன்?" என்றான் தபன். "தெய்வமே போகச் சொல்லிடுச்சே."

"தெய்வம் சொல்லிடுச்சு. நான் வேண்டாங்கிறேன்."

"என்ன, மேல கரடி ஏதாவது கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா?"

"இல்ல. பனி நழுவலாம்."

"எவ்ளோ நழுவும்? பத்தால வகுத்து எவ்ளோன்னு சொல்லுங்க."

கியால்சனுக்கு அந்த இடத்தில் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. ஒரு கிராமத்தையே மூடிய பனி, மூன்று வருஷம் கழித்துச் சிரித்த முகத்தோடு கிடைத்த குதிரைக்காரன், எல்லாம் வாசலில் வரிசையில் நின்றன. நாக்கு ஒன்றையும் வெளியே விடவில்லை.

"எனக்குத் தெரியல பாபு" என்றார். "நழுவாமலும் இருக்கலாம்."

பிரதுல் பாபு நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கணவாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னொரு தடவ நான் வரமாட்டேன், நேகிஜி. உடம்பு விடாது. அது உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"தெரியும் பாபு. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது."

கிச்சடி மட்டும் கொதித்தது. மஞ்சரிதான் முதலில் எழுந்து பையைக் கட்ட ஆரம்பித்தாள்.

"தீதி, என்ன பண்ற?"

"காஃப்னுவுல ஏறினதுலேருந்து இந்த மனுஷன் ஒரு சின்ன வாக்கியம் பேசி நான் கேட்டதில்ல, தபன். இப்ப வரிசையா நாலு பேசிட்டார். எனக்கு அது போதும். நீ கணக்கு வாத்தியார்தானே? சின்ன எண்ண வகுக்காத."

மறுநாள் திரும்பினார்கள். இறங்கும் வழியில் ஓடைகளில் யாரும் முழுகவில்லை, மீன்களுக்கும் வேலையில்லை. காராவில் பிரதுல் பாபு ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தார். கணவாய் நீல வானத்தில் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி மின்னியது. அதைப் பார்க்கக் கியால்சனுக்கு மனசு வரவில்லை. இறங்கிய நேரமெல்லாம் அவர் காது பின்பக்கமாகவே இருந்தது. பனி நழுவும் சத்தம் ஒன்று, தூரத்து இடி மாதிரி ஒன்று, கேட்டுவிடாதா? கேட்டால் தான் செய்தது சரி என்று ஆகும். கேட்கவில்லை. சரி என்று ஆகாமலே ஒரு காரியத்தைச் சுமந்துகொண்டு நடப்பது, முதுகில் கோவேறு கழுதையைச் சுமப்பதைவிடக் கனம் என்று அவருக்கு அன்று தெரிந்தது.

விடைபெறும்போது பிரதுல் பாபு தன் குரங்குத் தொப்பியைக் கழற்றி கியால்சன் தலையில் மாட்டிவிட்டார்.

கியால்சன் வீட்டுக்குப் போகவில்லை. ஊர் வாயில் விழுவதற்குள் பஸ் பிடித்தார். மலையை முழுக்கச் சுற்றிக்கொண்டு போகும் அந்த வழியை வாழ்நாளெல்லாம் அவர் கேலி செய்திருக்கிறார். பஸ் சட்லெஜ் ஓரமாக உறுமியது, ஒரு மண்சரிவுக்கு முன்னால் படுத்துக்கொண்டது, எழுந்தது, ஸ்பிதிக்குள் நுழைந்தது. காஸாவிலிருந்து மூத்துக்குப் பஸ் அன்று இல்லை. சாமான் ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி போவதாகச் சொன்னார்கள். பின்னால் ஏறிக்கொண்டார். ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்ந்து, வெகுதூரம் போன பிறகுதான் தனக்குக் கீழே மூட்டையில் முட்டிக்கொண்டிருப்பது என்ன என்று தடவிப் பார்த்தார். உருளைக்கிழங்கு.

வயல்களில் பட்டாணி பூத்திருந்தது. வெள்ளையும் ஊதாவுமாய், கொள்ளை கொள்ளையாய்.

டோல்கரின் வீட்டு முன்கட்டில் ஒரு தகரப் பெட்டியும் கயிறு கட்டிய இரண்டு மூட்டைகளும் இருந்தன. உள்ளே அடுப்படியில், சொந்த வீடு மாதிரி கால் நீட்டிக்கொண்டு தௌலத்ராம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மாமா" என்றார். "நீ போன மறுநாள் ராத்திரியே காத்து திரும்பி, கல்லாட்டம் உறைஞ்சிடுச்சு. நேத்துதான் தாண்டினேன். சரிவு அப்படியே இருந்துச்சு. அதுல ஒரு விரிசல்கூட இல்ல." பிறகு, மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆடுங்களப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

டோல்கர் அடுப்பில் சாணவறட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ரோட்டு வழியா வந்தீங்களா?"

"ரோடா அது! டோல்கர்ஜி, எழுபது மண்சரிவு! ஒரு பாறை பஸ்ஸு மேல வந்து உக்காந்து டிக்கெட் கேட்டுச்சு..."

"நேகிஜி."

அவர் நிறுத்தினார்.

"ஏன் திரும்பினீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பொய் ஒன்றைத் தேடினார். அகப்படவில்லை.

"பயமா இருந்துச்சு" என்றார். "காரணமில்லாமப் பயந்துட்டேன்போல. ஒண்ணும் நழுவல. தாக்பா மாதிரி ஆளா இருந்தா, வந்து சேர்ந்திருப்பார்."

டோல்கர் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"தாக்பா மாதிரி" என்றாள். "அவரோட பயணம் போன நாலு குதிரைக்காரங்க பனிக்கு முன்னாடி நின்னு வேண்டாம்னாங்க. இவர் சிரிச்சிக்கிட்டே போனார். அதுக்கு முன்னாடி எத்தன தடவ அந்தச் சரிவு ஒண்ணும் ஆகாம விட்டிருக்கு, தெரியுமா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரருக்குப் பயமே கிடையாது, பயமே கிடையாதுன்னு இத்தன வருஷமாச் சொல்றேன். பெருமைக்குச் சொல்றேன்னா நெனச்சீங்க?"

கியால்சன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"போன வருஷம் நீங்க கழுதையத் தூக்கிட்டு வரேன்னப்ப எனக்குக் கோவம் வந்துது. போய்த் தொலையட்டும், இவனும் அப்படித்தான்னு நெனச்சு, வாங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் குளிர்காலமெல்லாம் தூங்கல. அதான் மக கூப்பிட்டதும் சரின்னேன். மேல பாத்துட்டு இன்னொரு தடவ நான் உக்காந்திருக்கமாட்டேன்."

வாசலில் பிக்கப் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். "அத்தே, கெழங்க எங்க இறக்கட்டும்? திரும்பறப்ப உங்க பெட்டிய ஏத்திக்கலாமா?"

டோல்கர் எழுந்து வாசலுக்குப் போனாள். பெட்டியைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"கெழங்க உள்ள இறக்கு" என்றாள். "பெட்டி இருக்கட்டும். மக வந்தா நான் பேசிக்கறேன்."

திரும்பி வந்து இன்னொரு கோப்பையை எடுத்துக் கியால்சன் முன்னால் வைத்து, விளிம்பு வரை தேநீர் ஊற்றினாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "பாறை எத்தன டிக்கெட் கேட்டுச்சு?"